சிவந்த முகத்துக்கு ஒரு சான்றிதழ்

குனோங் ராபாட், ஈப்போ
ஜூலை 3

அன்பு மகன் யுகேந்திரனுக்கும் மருமகள் கிருஷாந்திக்கும் அம்மா எழுதுவது. அந்த டப்ளின் குளிரில் நீங்கள் இருவரும் நேரத்துக்குப் பசியாறி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நான் முழு நலம், உன் அப்பா முக்கால் நலம். மிச்சக் கால் என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்சப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மூடிவிடுவாய். தாளில் எழுதினால் அம்மாவின் கோழிக் கிறுக்கலுக்குப் பாவம் பார்த்தாவது கடைசிவரை படிப்பாய். நடுவில் திட்டும் வரும், பயப்படாதே, அதில் பெரும்பங்கு எனக்கே.

உன் கல்யாண மேடையில் திருநீறு பூச வந்த அப்பாவின் முகமும் கழுத்தும் திடீரென்று செம்பருத்தி மாதிரி சிவந்து போனதே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். அதனால்தானே பதினான்கு மாதமாக அவரோடு பேசாமல் இருக்கிறாய். சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள், படித்து உத்தியோகம் பார்த்தவர்கள், நாம் கித்தாக்காட்டில் ரப்பர் பால் வெட்டி வந்தவர்கள், இன்றைக்குப் பார்த்து இந்த மனுஷன் மானத்தை வாங்குகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கப்பா தண்ணி போட்டுட்டு வந்திருக்காருலா என்று உன் காதில் ஓதியவள் நான்தான். நீயும் அவரைப் பார்த்து, மேடைய விட்டு எறங்கி போங்கப்பா என்றாய். அவர் இறங்கிப் போய் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். உன் கல்யாணச் சாப்பாட்டை அவர் சாப்பிடவே இல்லை என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் கள்ளுக்கடைப் பக்கம் போனவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ பிறந்த வருஷம் முனியாண்டி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்து விட்டுவிட்டார். நீ விமானம் ஏறிய மறுவாரம் அதே கோயிலுக்கு அவரை இழுத்துப் போனேன். தோட்டமெல்லாம் ரப்பர் மரம் போய்ச் செம்பனை மரம் ஆகிவிட்டது, முனி மட்டும் அங்கேயே நிற்கிறார். சூடத்தைக் கொளுத்தி, இப்ப அடிங்க பாப்போம் என்றேன். அவர் கையை ஓங்கினார், அந்த நேரம் பார்த்து முகம் குப்பென்று சிவந்தது. முனியே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். வெயிலுலா என்றார். வானம் அன்றைக்கு மூடிக்கிடந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தைக் கேள். தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்வேன், அவரும் ஊதுவார், கடையில் குடித்த தே தாரிக் டீ வாசம்தான் வரும். அதுவும் ஒரு தந்திரம் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டி, அரிசி டின், மோட்டார் பெட்டி எல்லாம் கிளறியதில் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த முறுக்குப் பொட்டலம் ஒன்றுதான் அகப்பட்டது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. குடிச்சா அப்படித்தான் புடுங்கும் என்று சொல்லிக் கஞ்சியை வைத்தேன். கல் நெஞ்சக்காரி உன் அம்மா.

பொங்கலுக்குப் பாரிட் புந்தாரிலிருந்து கிருஷாந்தியின் அம்மா பூமணி வந்திருந்தார். அவர் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு முகம் சிவந்து, ஐந்து நிமிஷத்தில் வெளுத்துவிட்டது. நான் வெட்கத்தில் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன். பூமணியம்மாள் பின்னாலேயே வந்து, அண்ணை குடிக்கேல்லை, குடிச்ச முகம் இப்பிடிக் கெதியா வெளுக்காது, உடனை ஸ்கான் எடுக்கவேணும் என்றார். யார் முன்னால் மானம் போயிற்று என்று நான் பதறினேனோ, அந்த அம்மாதான் உண்மையைக் கண்டுபிடித்தவர்.

ஸ்கேனில் குடலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி, ஈரலில் ஐந்து புள்ளி. படம் பார்த்துச் சொன்னவர் துளசி என்று ஒரு டாக்டர். நியூரோ என்னமோ கிரைன் என்று பெயர் சொன்னார், அரிதான புற்றுநோயாம், அது ரத்தத்தில் விடுகிற சரக்கால்தான் முகம் சிவக்கிறதாம். உறுதி செய்ய இன்னொரு ஸ்கேனுக்குக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். ஊசியில் ஏற்றுகிற மருந்து இந்தக் கட்டி எங்கே இருக்கிறதென்று தேடிப்போய் ஒட்டிக்கொண்டு படத்தில் மினுக்கிக் காட்டுகிறது. அதே மாதிரி மருந்தில் கதிரைக் கூட்டி ஏற்றினால் போய் ஒட்டின இடத்தையே சுடுகிறது. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை. முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்மா, சுருங்கலாம், பல வருஷம் அடங்கி இருக்கலாம் என்று துளசி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது யுகா. பகலில் இவரை வைத்துக் கிண்டல் செய்கிறேன், குளிக்கும்போது அழுகிறேன்.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. டாக்டர் படத்தைக் காட்டியதும், இதுல கள்ளு எங்க இருக்குனு என் பொண்டாட்டிக்கு காட்டுங்கம்மா என்றார். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல், முகச் சிவப்புக்குக் காரணம் கட்டி, மது அல்ல என்று ஒரு தாளில் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். அதை லேமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் பத்துமலை அதை மூன்று தடவை படித்தாயிற்று. மே மாதம் முதல் ஊசி போட்டு வந்ததும், சில நாள் யாரும் நெருங்கி உட்காரக்கூடாது என்றார்கள். மூன்றாம் நாளே அதெல்லாம் முடிந்துவிட்டது. இவர் மட்டும் மூன்று வாரம், கிட்ட வராத, கதிர் அடிக்கும் என்று சொல்லிப் பாத்திரம் கழுவாமல் ஏமாற்றினார். நானும் தெரிந்தே ஏமாந்தேன்.

போன வெள்ளிக்கிழமை தனியாகப் போய் முனியாண்டி முன்னால் நானே சூடம் அடித்துவிட்டு வந்தேன். இனி அந்த மனுஷனைச் சந்தேகப்பட மாட்டேன் என்று. முறுக்கு விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு கேட்டுக்கொண்டேன். உன்னிடம் நோயைச் சொல்லக்கூடாது என்று என்னிடமும் பூமணியம்மாளிடமும் வாக்கு வாங்கியவர் அவர்தான். பாவம்னு பேசுற பேச்சு எனக்கு வேணாம்லா என்றார். நான் வாக்கை மீறிவிட்டேன், அதனால் நீ ஒழுங்காகச் செய். முதலில் மேடைக்கு மன்னிப்பு, பிறகுதான் நோய் விசாரிப்பு. அம்மாதான் சொன்னாள் என்று என் தலையில் போடு, தாங்குவேன்.

பதினெட்டாம் தேதி இரண்டாவது ஊசி. மருந்து ஏற்றியபின் மறுநாள் காலைவரை அவர் அறையில் தனியாக இருக்க வேண்டும், என்னை உள்ளே விட மாட்டார்கள், கைப்பேசியை விடுவார்கள். போன தடவை நான் வெளியிலிருந்து கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்து, யுகாவா என்றார். இல்ல நாந்தான் என்றேன். ஓ, நீயா என்றார்.

கிருஷாந்தியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். பதினெட்டாம் தேதி, எங்களுக்கு மாலை ஐந்து மணி, உனக்குக் காலை பத்து. அவர் யுகாவா என்று கேட்பார். ஆமாம்பா என்று சொல்.

உன் அம்மா,
வீரம்மா உடையப்பன்