ஷ்வேப்யிதாவிலிருந்து வந்த உரல்

காலையிலிருந்து வீடு முழுக்க நாப்பி வாசனை. மீனை உப்புப் போட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்த அந்தச் சனியனைச் சந்தையிலிருந்து வாங்கிவந்ததும் நான்தான், வறுத்துக்கொண்டிருப்பதும் நான்தான். இந்த நாற்றத்துக்காக உன்னோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்தவள் நான். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. கண் எரிகிறது. புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்.

நீ என் வாழ்க்கைக்குள் வந்த கதையில் பாதி உனக்குத் தெரியாது. ஒரே அடுப்பில் இத்தனை வருஷம் சமைத்தோம், ஆனாலும் நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமானதிலிருந்து அவரைச் சபைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் ஜெபம் பண்ணாத நாள் இல்லை. திருநீறு பூசி வளர்ந்த மனுஷர், லைன் கார் என்கிற டவுன் பஸ் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை என்னைச் சபைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆயத்த வகுப்பில் பாஸ்டர் ஐயா, மனதில் எதையும் மறைத்துவைத்துக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். உடனே இவர், மறைத்துவைத்திருந்த உன்னை எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஊர்க்கோடி ஷ்வேப்யிதாவில் தையல் கம்பெனியில் வேலை செய்யும் பர்மாக்காரப் பெண், இரண்டு பிள்ளைகள். வண்டி ராத்திரி அங்கேயே நின்றுவிட்டது என்று சொல்வாரே, அதெல்லாம் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. கூடவே நீயும் வந்தாய்.

சபைக் கமிட்டி கூடியது. அவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தாலி கட்டினவள் இருக்கட்டும், மற்றவளை அனுப்பிவிட்டு வரட்டும், ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றார்கள். என் வாழ்க்கையில் சட்டம் என் பக்கம் நின்றது அந்த ஒரு தடவைதான்.

தடுத்தது பாஸ்டர் ஐயா. இதே ஊரில் தின்கன்ஜூனில் பிறந்து வளர்ந்தவர், ஊழியத்துக்காகத் தான்சானியா போய்ப் பல வருஷம் இருந்துவிட்டு, மலேரியாவும் நரையுமாகத் திரும்பியவர். அங்கேயும் இதே வழக்குத்தானாம். இரண்டு மூன்று மனைவி உள்ளவன் சபைக்கு வந்தால் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பச் சொல்வார்களாம். ஐயாவும் அப்படி அனுப்பவைத்திருக்கிறார். அந்தப் பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போனால், கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கின மாடுகளைத் திருப்பிக் கேட்பார்களே என்று அங்கே கதவைத் திறக்க மாட்டார்களாம். பிள்ளைகள் அப்பனிடம் தங்கிவிடுமாம். ஞாயிறு ஆராதனைக்கு அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான், அவள் வெளியே நின்று தன் பிள்ளைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாளாம்.

"ஒரு ஆம்பளயச் சபையில சேக்க ஒரு பொம்பளயத் தெருவுல விட்டோம்மா. அத இங்கயும் வந்து செய்ய என்னால ஆகாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆப்பிரிக்காவில் எவளோ அழுததற்கு இங்கே மிங்கலா தாங்ஞுன்டில் இருக்கும் நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்டேன். ஐயா விடவில்லை. ஒருதடவை அவளைப் போய்ப் பார், பிறகு நீ எதைச் சொன்னாலும் கமிட்டியில் அதுதான் முடிவு என்றார்.

அப்படித்தான் உன் வாசலுக்கு வந்தேன். போய்விடு என்று சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நீ அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாய், தலைமுடியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நான் யாரென்று நீ கேட்கவில்லை. பாயை விரித்து, உங்கள் வழக்கப்படி தின்ன ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும் தட்டில் வைத்து, டீயை ஊற்றினாய். உன் பெண் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவருடைய காதுகள் அப்படியே அவளுக்கு. அவர் சொல்லிக்கொடுத்த அரைகுறைத் தமிழில் நீ பேசினாய்.

"மமா, நீ போ சொன்னா நான் போறது. சண்ட இல்ல. பாப்பா ஸ்கூல் மட்டும் அவர் பாக்கணும்."

மமா என்றால் உங்கள் பேச்சில் அக்கா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருக்கு யாரடி அக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் டீயைக் குடித்து முடித்து எழுந்து வந்துவிட்டேன்.

கமிட்டியில் எழுந்து, "அவள அனுப்ப வேணாம். இவருக்கு ஞானஸ்நானமும் வேணாம். வெளியவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தேவனுக்குப் பிரியமான ஸ்திரீ என்று அடுத்த வாரம் சபையில் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு புண்ணாக்கும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒருத்தியைத் துரத்திவிட்டு, துரத்தின கணக்கை வாழ்நாளெல்லாம் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்குப் போகவில்லை. கோயிலின் கடைசி பெஞ்சில் உட்காருவார், எல்லோரும் நற்கருணைக்கு எழுந்து போகும்போது தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரத்தில் பாதி உன் வீடு, பாதி என் வீடு. அது நல்ல வாழ்க்கை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அமெரிக்காக்காரன் இந்த ஊர்த் துணி வேண்டாம் என்றதும் உன் கம்பெனியை மூடினார்கள். அதே வருஷம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நீ ஒரு பெட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து நின்றாய், இடுப்பில் இந்தக் கல்லுரல். இதை எதற்குத் தூக்கிவந்தாய் என்றேன். நாப்பி இடிக்க என்றாய். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை நமக்கு ஓயவேயில்லை. ஆனால் நான் மிளகாய் இடித்தால் உனக்குப் பொறுக்காது. "மமா, இங்க குடு" என்று உலக்கையைப் பிடுங்கிக்கொள்வாய்.

கடைசிவரை நீ உன் புத்தரை விடவில்லை. ஞாயிறுதோறும் அவரைச் சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்து, உள்ளே உட்காரவைத்துவிட்டு, வெளியே நிழலில் காத்திருப்பாய். அவர் படுத்த படுக்கையானபோது ஐயா யாரையும் கேட்காமல் ஞானஸ்நானம் கொடுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், நீ தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாய். ஐயா அள்ளிய வேகத்தில் உன் கை முழுக்கத் தண்ணீர் கொட்டியது. படுக்கையில் கிடந்த மனுஷர் நம் இரண்டு பேரையும் பார்த்துச் சின்னப் பிள்ளைபோல அழுதார். அன்றுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தீர்ந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

பிறகு ஐயாவும் போனார். போன மழைக்கு இருமி இருமி நீயும் போனாய்.

இப்போது சபைப் பெண்கள் வந்து, உங்களுக்கும் வயசாகுது, அந்தப் பிள்ளைகளை அம்மா வழிச் சொந்தத்துக்கிட்ட அனுப்பிடலாமே என்கிறார்கள். மறுபடியும் அதே பேச்சு. தான்சானியாக் கதையைச் சொல்லித் தடுக்க ஐயா இல்லை. எனக்கும் உண்மையிலேயே முடியவில்லை, முழங்கால் வலி படுத்துகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சற்றுமுன் உன் பெண் வேலையிலிருந்து வந்தாள். சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, காரம் பத்தல. அம்மா செய்றது வேற" என்றாள். எனக்குத் தேவைதான் என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் நாலு மிளகாயை உன் உரலில் போட்டேன். இடிக்க இடிக்கக் கை ஓய்ந்துபோகிறது. நிறுத்தி நிறுத்தி இடிக்கிறேன். மமா, இங்க குடு என்று பிடுங்கிக்கொள்ள ஆளில்லை.