அப்பாவுக்கு மட்டும் அடிக்காத காற்று

ஃபார்ன்பரோ
அக்டோபர் 1968

அன்புள்ள டெரக்,

நீயும் மேவிஸும் குழந்தையும் அடிலெய்டில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்களுக்குக் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றுமில்லை, எனக்கு அலுப்புதான், தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. குளிர் வந்துவிட்டது, நிலக்கரிதான் இன்னும் வந்த பாடில்லை.

ஆபீஸில் அதே செயற்கைக்கோள் கணக்குதான். முன்பே சொல்லியிருக்கிறேன், அவ்வளவு உயரத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றும் பூமியோடு சேர்ந்து கிழக்கே சுற்றுகிறது, ஆற்றின் குறுக்கே நீந்துகிறவனை நீரோட்டம் இழுக்கிற மாதிரி செயற்கைக்கோளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி அதன் பாதையின் சாய்வையே மாற்றிவிடுகிறது. இந்தக் கோடையில் நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே மாறியிருக்கிறது, நான் போட்ட முன்கணிப்பை விட்டு அது விலகிப் போகிறதென்று பைனாகுலரும் ஸ்டாப்வாட்சுமாக அவரவர் வீட்டுத் தோட்டத்தில் நின்று அது கடக்கிற நேரத்தைப் பார்த்து எங்களுக்கு எழுதி அனுப்புகிற ஆர்வலர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், உன் அப்பாவைத் தவிர. அவருடையது மட்டும் என் முன்கணிப்போடு அச்சாகப் பொருந்துகிறது. எங்கள் அதிகாரி பிரிட்சர்ட், என்ன ஹில்டா, உங்க வீட்டுத் தோட்டத்துக்கு மேல மட்டும் காத்தே அடிக்கலையா என்று கேலி செய்தார். நானும் சிரித்துவிட்டேன், அப்புறம்தான் அவர் அனுப்பிய தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். ரெண்டு கண்ணும் பனி மூடின மாதிரி இருக்கு ஹில்டா, வசந்த காலத்துலேர்ந்தே அந்தப் புள்ளி எனக்குத் தெரியல, நீ கணக்குப் போட்டுக் கொண்டுவர்ற தாளை லென்ஸ் வச்சுப் பார்த்து அதையே எழுதி அனுப்பிட்டேன், இதையும் விட்டுட்டா சாயங்காலத்துல நான் என்னதான் செய்ய என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கண்புரைதான், ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். இவர் மாட்டவே மாட்டேன் என்கிறார். அவன் பொழப்பைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான் என்று சொல்லி, உனக்கு எழுதக் கூடாதென்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். செய்து கொடுத்தேன், இதோ எழுதுகிறேன்.

சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன் டெரக். நீ பக்கத்தில் நின்றால் சம்மதிப்பார். அவ்வளவு தூரத்திலிருந்து வா என்று எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் வா.

குழந்தையை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதே. கடவுள் உங்கள் மூவரையும் நல்லபடி வைக்கட்டும். எப்போது வருகிறாய் என்பதை மறக்காமல் எழுது, வீட்டு முகவரிக்கே எழுதலாம், பயமில்லை. உன் கடிதங்களை இப்போது அவருக்குப் படித்துக் காட்டுவது நான்தான், அந்த வரியைத் தாண்டிப் படித்துவிடுவேன்.

உன் அம்மா
ஹில்டா