திருவொற்றியூர் கித்தான் கம்பெனியில் பெண்கள் துணி உலர்த்திய கொடியை அறுத்தெறிந்தது பற்றி

விடுநர்:
ரா. தேவப்பிரியம்,
தையல் பிரிவு மேற்பார்வையாளர் (தற்சமயம் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர்),
கீழைக்கடல் கித்தான் கம்பெனி, திருவொற்றியூர்.
வீடு: டோல்கேட் அருகில், தண்டையார்பேட்டை.

பெறுநர்:
தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அவர்கள்,
சென்னை.

பொருள்: பெண் தொழிலாளர்கள் மாதவிலக்குத் துணியைத் துவைக்கவும் வெயிலில் உலர்த்தவும் வைத்திருந்த இடத்தை நிர்வாகம் அழித்தது, கேட்டில் ஆண் காவலாளியைக் கொண்டு பெண்களைச் சோதனையிடுவது, பூவம்மா என்ற தொழிலாளி மீது பொய்யாகத் திருட்டுப் பட்டம் கட்டியது – இரண்டாம் முறையாக மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே விஷயமாகச் சென்ற மாதம் நான் எழுதிய மனுவைத் தங்கள் அலுவலகம் எங்கள் மானேஜருக்கே அபிப்பிராயம் கேட்டு அனுப்பிவைத்தது. யார்மீது புகாரோ அவரிடமே அபிப்பிராயம் கேட்டால் என்ன வரும்? "மனுவில் கண்ட பொருள் பெண்களின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டது. நிர்வாகம் பேசத்தக்கதல்ல" என்று அவர் பதில் எழுதினார். அந்தப் பதிலின் நகலைத் தாங்கள் எனக்கு அனுப்பி, விஷயம் முடிந்ததாகத் தெரிவித்தீர்கள். ஐயா, பேசத்தக்கதல்ல என்று எழுதிய அதே மானேஜர்தான் அந்த அந்தரங்கத்தைக் கோலால் தூக்கி ஹைரோட்டில் எறியச் சொன்னவர். ஆகவே கூச்சத்தை நான் ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டேன். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தாங்களும் தயவுசெய்து அப்படியே படிக்க வேண்டும்.

2. எங்கள் கம்பெனியில் கப்பலுக்கும் லாரிக்கும் வேண்டிய கித்தானும் தார்ப்பாயும் தயாராகின்றன. தார் ஏற்றும் வேலை ஆண்களுடையது. தையல் முழுவதும் பெண்களுடையது. நான் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு படித்தவள். என் கணவர் ராசையா ராயபுரம் ரயிலடியில் கூட்ஸ் கிளார்க். எங்கள் பிரிவில் பாதிப் பேர் என்னைப்போல் தெற்கேயிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்துப் பெண்கள். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சங்கு ஊதும்வரை எழுந்திருக்க முடியாத வேலை. எங்களுக்கென்று உள்ள கக்கூசில் கதவு உண்டு, தண்ணீர்க் குழாய் இல்லை.

3. சென்ற ஐப்பசி மழையில் இசக்கியம்மாள் என்ற தையல்காரப் பெண் மெஷின் மீதே சாய்ந்து விழுந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லேடி டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தொடையிடுக்கெல்லாம் புண், உள்ளேயும் சீழ் பிடித்திருந்தது. மெஷின் துடைக்கப் போடும் வேஸ்ட் பஞ்சை, எண்ணெய்ப் பிசுக்கோடு, அவள் மாதவிலக்குக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் துணி இல்லையா என்று கேட்டேன். படுத்தபடியே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருக்குக்கா. தொவைச்சா எங்க போயி காயப்போட? ஒத்த ரூமு. மாமனாரு, கொழுந்தன் எல்லாரும் அங்கனதான். கட்டிலுக்கு அடியில போட்டா மழைக்குக் காயவே மாட்டேங்கு. நாத்தம் வேற. அதுக்கு இந்தப் பஞ்சு தேவலன்னு வச்சுக்கிட்டேன்."

4. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். பழந்துணி வைத்துக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அது பலமுறை துவைத்து மெதுவான பருத்தியாக இருக்க வேண்டும். கித்தான் வெட்டுத்துண்டும் கழிவுப் பஞ்சும் ஆகவே ஆகாது. ஒரே துணியை நாள் முழுவதும் வைத்திருக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, சோப்பு போகும்வரை அலச வேண்டும். அவ்வப்போது கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ஒருவர் துணியை இன்னொருவர் தொடக் கூடாது. நைந்து போனாலோ விறைத்துப் போனாலோ அதை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். "துணியால இந்தப் பொண்ணுக்கு வியாதி வரலைம்மா. காய வைக்க இடமில்லாததால வந்தது" என்றார். நான் அதுவரை, இதெல்லாம் இருட்டில் ஒளித்து வைக்க வேண்டிய சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். என் தாயார் எனக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்.

5. இசக்கியம்மாள் பிழைத்து வந்த பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். கம்பெனியிடம் எதுவும் கேட்கவில்லை. அவரவர் வீட்டிலிருந்து பழைய மல் வேட்டி, வெள்ளைச் சேலைத் துண்டு கொண்டுவந்தோம். சாப்பாட்டு நேரத்தில் அளவாக வெட்டி, அடுக்கி, ஓரம் அடித்து, நாடா வைத்துத் தைத்தோம். யாருடையது என்று தெரிய, மூலையில் ஆளுக்கொரு நிற நூலால் முடிச்சுப் போட்டோம். என்னுடையது ஊதா. பூவம்மாவுடையது சிவப்பு. எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால், மதில் ஓரம், நல்ல வெயில் விழும் ஒரு சந்து உண்டு. அங்கே பனையோலைத் தட்டி கட்டி மறைத்து, உள்ளே கொடி கட்டினோம். வாளியில் தண்ணீர் தூக்கிப் போய்த் துவைத்தோம். அப்போதிருந்த பழைய மானேஜர் கண்டும் காணாதவராக இருந்துவிட்டார். தை, மாசி, பங்குனி முழுக்க எங்கள் பிரிவில் ஒருத்திக்கும் புண் இல்லை, காய்ச்சல் இல்லை. துணி மாற்ற இடம் இருந்ததால் அந்த நாட்களில் லீவு போடுவதும் நின்றது. இதனால் நஷ்டமடைந்தவர் யார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

6. சித்திரையில் புதிய மானேஜர் வந்தார். ஹார்பரிலிருந்து சரக்குப் பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டுகையில் தட்டியைக் கண்டு, அது என்ன என்று கேட்டார். கேட் காவலாளி சுப்புராஜ் தட்டியை விலக்கிக் காட்டியிருக்கிறான். வந்தவர்கள் போனதும், கொடியை அறுத்துத் துணிகளை ரோட்டில் எறியும்படி மானேஜரிடமிருந்து உத்தரவு பிறந்தது. எங்களைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்திருப்போம். சொல்லவில்லை. சுப்புராஜ் அவற்றை ஒரு மூங்கில் கோலில் வாரிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே ஹைரோட்டில் கொட்டினான். அது எதிர்ப் பட்டறை ஆட்கள் டீ குடிக்க வெளியே நிற்கும் வேளை. மாட்டுவண்டியும் லாரியும் அவற்றின் மேல் ஏறிப் போயின. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். துவைத்து வெயிலில் உலர்ந்து பூப்போல் இருந்த துணி, ஐயா. ஒவ்வொருத்திக்கும் தன் நூலின் நிறம் அங்கிருந்தே தெரிந்தது. ஒருத்தியும் போய் எடுக்கத் துணியவில்லை. நானும் துணியவில்லை.

7. அதோடு விட்டாரா? கம்பெனித் துணியைப் பெண்கள் திருடித் தங்கள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி, மாலையில் வெளியேறும் பெண்களின் பையைச் சோதனையிடச் சொன்னார். சோதிப்பவன் சுப்புராஜ். இடம், ஆண்களும் அதே நேரத்தில் வெளியேறும் கேட். முதல் நாளே பூவம்மாவின் சுருக்குப்பையை அவிழ்த்து, உள்ளே இருந்த மாற்றுத் துணியை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் தெரியப் பிடித்துக்கொண்டு, "இன்னாமே இது? கம்பெனி துணிய எட்துகினு போறியா?" என்றான். பூவம்மா வியாசர்பாடிப் பெண். வாயை மூடிக்கொண்டு அழுகிறவள் அல்ல. "இது எங்க நைனா கட்ன வேட்டி. கித்தானுக்கும் வேட்டிக்கும் வித்யாசம் தெரியாமத்தான் கேட்ல குந்திகினு கீறியா? கீழ வைய்யா அத்த!" என்றாள். அவள் தலை குனியவில்லை. மறுநாள் காலை போர்டில் அவள் பெயர் ஒட்டியிருந்தது. காரணம்: திருட்டு, அவமரியாதை. வேலை நீக்கம். எங்கள் கித்தான் தொட்டால் தோல் உரியும். அதை எந்தப் பெண் உடம்பில் வைப்பாள் என்று மானேஜர் தம் வீட்டில் கேட்டிருந்தால் இந்த நோட்டீஸ் வந்திராது.

8. அன்று மாலை சங்கு ஊதியதும் நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கேட்டுக்குப் போனோம். இப்படிப் போகலாமென்று யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் சொன்னதாகவே வைத்துக்கொள்ளலாம். சுப்புராஜ் கேட்கும் முன்பே இசக்கியம்மாள் தன் பையிலிருந்த துணியை எடுத்து அவன் மேஜைமேல் விரித்து வைத்தாள். அடுத்து நான் வைத்தேன். பிறகு வரிசையாக ஒவ்வொருத்தியும் வைத்தாள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. நன்றாகப் பார், இதில் கம்பெனித் துணி எது என்று காட்டு என்று மட்டும் நான் கேட்டேன். பின்னால் ஆண்கள் தேங்கி நின்றார்கள். தார்ப் பிரிவு மேஸ்திரி ரஷீது அண்ணன் அவர்களைப் பார்த்து, "அல்லாரும் அந்தாண்ட திரும்பி நில்லுங்கடா" என்று ஒரு சத்தம் போட்டார். அத்தனை ஆண்களும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். சுப்புராஜ் ஒரு துணியையும் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து காவல் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் அவரவர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அன்று இரண்டு பெண்கள் வழியெல்லாம் அழுதார்கள். வெட்கத்தால் அழுதார்களா, வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

9. இதைக் கலகம் என்று சொல்லி என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதைப்பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை என் கணவர் வாங்கி வந்து எனக்கு அர்த்தம் சொன்னார். தொழிலாளர்கள் கழுவிக்கொள்ள வசதி வேண்டும் என்று அதில் இருக்கிறது. நனைந்த துணியை உலர்த்த இடம் ஏற்படுத்துவது பற்றியும் இருக்கிறது. தார்ப் பிரிவு ஆண்களின் காக்கிச் சட்டைக்குக் கம்பெனி ஏற்கெனவே கம்பிக் கொடி கட்டித் தந்திருக்கிறது. அதை நாங்கள் எடுத்துக் காட்டியதற்கு, சட்டம் சொல்வது வேலைத் துணியை, உங்கள் கந்தலை அல்ல என்று மானேஜர் சொன்னார். சட்டத்தில் நனைந்த துணி என்று இருக்கிறதே தவிர ஆண் துணி என்று இல்லை. அப்படி ஒரு வரி இருந்தால் தாங்கள் எனக்குக் காட்ட வேண்டும்.

10. கொடி போன பிறகு பெண்கள் பழையபடி ஈரத் துணிக்கும் எண்ணெய்ப் பஞ்சுக்கும் திரும்பிவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? இந்த ஆனி மாதம் இசக்கியம்மாளை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இனி அவளுக்குப் பிள்ளை நிற்பது சந்தேகம் என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, தங்களுக்கு எழுதுகிறேன். பூவம்மாவை எண்ணூரில் ஒரு கிடங்கில் வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். நேற்று என் வீட்டுக்கு வந்திருந்தாள். "வேல எங்கியாச்சும் கெடைக்கும்கா. அந்த போர்டுல எம் பேருக்கு நேரா திருட்டுன்னு எழுதி வச்சுகீறான் பாரு, அத்த அழிக்கச் சொல்லு. அது போதும்" என்றாள். நான் கொடுத்த காப்பியையும் குடிக்காமல் போய்விட்டாள்.

11. எனவே தாங்கள் செய்ய வேண்டியதாக நாங்கள் கேட்பது இதுதான். தாங்களே நேரில் வர வேண்டும். வருவதை முன்கூட்டி மானேஜருக்குத் தெரிவிக்கக் கூடாது. ஒரு லேடி டாக்டரையும் அழைத்து வந்தால் பெண்கள் கூசாமல் பேசுவார்கள். பெண்கள் கக்கூசுக்குத் தண்ணீர்க் குழாயும் ஒரு துவைகல்லும், எங்கள் சந்தில் மறைப்போடு ஒரு கொடியும் கம்பெனி செலவில் வைக்கச் செய்ய வேண்டும். பெண்களைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பெண்ணே, தனி அறையில் சோதிக்கட்டும். பூவம்மாவின் பெயருக்கு நேரே உள்ள அந்தச் சொல்லை அதே போர்டில், எல்லோரும் பார்க்க, அடித்துவிட வேண்டும். என் வேலையைக் கடைசியில் கவனித்தால் போதும்.

இந்த மனுவைத் தயவுசெய்து மறுபடியும் மானேஜரின் அபிப்பிராயத்துக்கு அனுப்ப வேண்டாம். அவர் அபிப்பிராயம் என்னவென்று ஹைரோட்டில் நின்றவர்கள் அனைவருக்கும் தெரியும்.

ஆடி பிறந்ததும் இசக்கியம்மாளை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வேலைக்குத் திரும்பும் நாள்வரை தங்கள் வரவை எதிர்பார்த்திருப்போம். அதற்குள் தாங்கள் வராவிட்டால், அன்று காலை நாங்களே மறுபடியும் அந்தச் சந்தில் தட்டி வைத்துக் கொடி கட்டுவோம். அது குற்றம் என்றால், அதை அறுக்கும் உத்தரவு சுப்புராஜின் கோலில் வர வேண்டாம். தங்கள் கையெழுத்தோடு, தங்கள் முத்திரையோடு வரட்டும். அதை நாங்கள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தையல் பிரிவுப் பெண்கள் அனைவர் சார்பிலும்,
ரா. தேவப்பிரியம்

(எழுதத் தெரிந்தவர்கள் கையொப்பமும் மற்றவர்கள் பெருவிரல் ரேகையும் பின்பக்கம் வைத்திருக்கிறோம்.)

இடம்: தண்டையார்பேட்டை, சென்னை
தேதி: 6 ஜூலை 1953