சீசன் முடியட்டும்

எம். புதுப்பட்டி,
8.10.2025

அன்புள்ள ஜோதிக்கு,

சுகமாக இருக்கிறாயா? போனை அணைத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் கடிதம். கண்ட கண்ட நம்பரிலிருந்து கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள்.

போன வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்து என் முதுகு வெந்ததே, அப்போது இன்சூரன்சுக்காக டாக்டர் எடுத்த படம், பேரும் நம்பருமாக ஊரெல்லாம் ஓடுகிறது. காயம் எனக்குப் பேசியிருந்த சாத்தூர் மாப்பிள்ளைக்குத் தெரியும். நானேதான் சொன்னேன். ஆனால் அவர் அம்மா, "காயம் கெடக்கட்டும், இந்தக் கோலத்துல ஊரே பாத்த பொண்ணு நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

படம் கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்தது. அங்கே உட்காருகிறவன் விக்னேஷ்குமார். கேட்டில் லோடு ஏற்றுகிறவர்கள் முன்னால் அவனை அடிக்கச் செருப்பைக் கழற்றிவிட்டேன். அவனை வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். நன்றாக வேண்டும். நீ கம்ப்யூட்டர் படித்தவள், அவன் எப்படி எடுத்தான் என்று மட்டும் சொல்.

உன்
இசைவாணி


சென்னை,
14.10.2025

அன்புள்ள இசை,

விக்னேஷ்குமார் எடுக்கவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

உங்கள் கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்வது எங்கள் ஆபீஸ். அங்கே அந்தப் பொறுப்பு என்னுடையது. அதிலுள்ள சாஃப்ட்வேரில் ஒரு ஓட்டை இருந்தது. வெளியிலிருந்து யார் கேட்டாலும், பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். அதை அடைக்கிற அப்டேட் ஆவணியிலேயே வந்துவிட்டது. போடுவதற்கு சர்வரை அரை நாள் நிறுத்த வேண்டும். உங்கள் முதலாளி, "சீசன் முடியட்டும்மா, தீபாவளி ஆர்டர் வர்ற நேரத்துல நிறுத்தாதீக" என்றார். நானும் அந்த ஊர்க்காரிதானே, சீசன் அருமை எனக்குத் தெரியாதா? சரி என்று விட்டுவிட்டேன். உள்ளே யார் யார் படம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சர்வர் பதிவைப் பார்த்துவிட்டேன், அந்த ஓட்டை வழியாக எவனோ வெளியூர்க்காரன் எடுத்துப் பரப்பியிருக்கிறான். வெட்கமாக இருக்கிறது இசை. திட்டியாவது எழுது.

ஜோதி


எம். புதுப்பட்டி,
27.10.2025

ஜோதிக்கு,

விக்னேஷ்குமார் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. அவன் அம்மா வெள்ளைத்தாயின் காலைத் தொட்டு, "உங்க மகன் செய்யலம்மா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

"அப்ப யாரு தாயி செஞ்சது? பேரைச் சொல்லு. எம்மகன் இல்லைன்னு நாலு பேருட்ட நான் சொல்லணும்ல?"

உன் பேர் வாய்வரை வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஊரே என் முதுகைப் பார்த்தபோதுகூட இப்படிக் கூனிக் குறுகவில்லை ஜோதி.

உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. கடிதமும் இனி வேண்டாம். பஸ் ஏறி வா. முதலில் அந்த அம்மா வாசலில் நின்று உன் பேரை நீயே சொல். அதன் பிறகு என் வீட்டுக்கு வா.

இசைவாணி