தேநீர் ஊற்றும் நாற்காலி

செப்டம்பர் 18, வியாழன்

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே,

வணக்கம். ஆகஸ்ட் நடுவில் உன்னை மூடி வைத்தவள் இன்றுதான் மீண்டும் திறக்கிறேன். இத்தாமதத்துக்குப் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன். புளூபெரி ஜாம், கூரை ஒழுக்கு, பேரப்பிள்ளைகளின் வருகை என்று காரணங்கள் உண்டு. ஆயினும் காரணம் வேறு, மன்னிப்பு வேறு.

இதை எழுதும்போதே என் கணவர் பர்னெல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“நோட்டுகிட்ட மன்னிப்புக் கேக்கறியா? நேத்து என் கால்ல சுடுதண்ணி ஊத்தினப்போ ஒரு ‘அடடா’ கூட வரல!”

செய்திக்கு வருகிறேன். தேவாலயக் கூடத்தில் வெப்ப உலை பழுதாகிவிட்டது. ஆகவே இவ்வாண்டு மகளிர் சங்கத்தின் இலையுதிர்காலத் தேநீர் விருந்து கிடையாது என்று நேற்றைய கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான் எழுந்து, “அனைவரும் இசைந்தால், எளியேனின் இல்லத்தில் நடத்த விழைகிறேன்” என்றேன். ஒருவரும் பேசவில்லை. எட்டாம் வகுப்போடு மீன் ஆலைக்குப் போன ஒருத்தியின் வீட்டில் சங்கத்தின் விருந்தா என்று அவர்கள் எண்ணியதாக எனக்குத் தோன்றியது. அருகில் அமர்ந்திருந்த பக்கத்து வீட்டு எல்வாதான் மௌனத்தை உடைத்தாள்.

“வெஸ்டா வீட்டு நாய்க்குட்டிகூட குரைக்கறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கும். நாமெல்லாம் காலை ஒழுங்கா துடைச்சுட்டுப் போவோம், என்ன?”

எல்லோரும் சிரித்தார்கள். தேதி குறித்தாயிற்று: அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை.

தேநீர் ஊற்றப் போவது வழக்கம்போல எல்வாதான். எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்காரி தானே ஊற்றுவதில்லை. தான் மிகவும் மதிக்கும் ஒருத்தியை அழைத்து, மேசையின் தலைப்பக்கத்தில் கெண்டியின் முன் அமர்த்துவாள். கல்யாணமோ கல்லறையோ, அந்த நாற்காலியில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் ஊர் மறுநாள் பேசும். எத்தனையோ வருடங்களாக அது எல்வாவின் இடம். நான் சாண்ட்விச் தட்டு ஏந்துபவள். யாரும் என்னை ஒருமுறைகூட அங்கே அமரச் சொன்னதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

சிறிது உண்டு.

செப்டம்பர் 22, திங்கள்

மேசை அலங்காரத்துக்கென மேப்பிள் இலைகளைக் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளுக்குள் வைத்து அழுத்தியிருக்கிறேன். ஆலையில் சம்பளம் வாங்கிய காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை நான் வாசித்த தொகுதிகள். “இப்பத்தான் அதுக்கு உருப்படியா ஒரு வேலை கிடைச்சிருக்கு” என்கிறார் பர்னெல்.

செப்டம்பர் 27, சனி

இஞ்சி கேக்கின் முதல் முயற்சியைச் சுவைத்துப் பார்க்க எல்வா வந்தாள். வெல்லப்பாகு அதிகம் என்றாள். “இதைத் தின்னா பல்லு வாயில இருக்காது, கேக்குலதான் இருக்கும்” என்றாள். நாற்பது வயதில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே என்னிடம் இப்படித்தான் பேசுகிறாள். வேறு யார் பேசினாலும் நான் பொறுத்திருக்க மாட்டேன்.

தேநீர்க் கோப்பையை எடுத்தபோது அது சாஸரின் மேல் கடகடவென்று அடித்தது. வைத்துவிட்டாள். வலக்கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள்.

“குளிருது” என்றாள்.

வெயில் ஜன்னல் வழியே வந்து மேசைத்துணி முழுவதும் கிடந்தது. இன்னொரு துண்டு வெட்டி வைத்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

சந்தையில் ஆப்பிள் வாங்கும்போது ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்திருந்த எல்வாவின் மகள் நடீனைக் கண்டேன். கேட்கக் கூடாதுதான், கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. நடுக்குவாத நோயாம், கைநடுக்கம் இனிக் கூடத்தான் செய்யுமாம். ஹாலிஃபாக்ஸில் ஒரு நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கிறார்களாம். “அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இருக்காங்க, வெஸ்டா ஆன்ட்டி. உங்ககிட்டகூட.”

என்னிடம்கூட.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிறைந்த வெள்ளிக் கெண்டியை அவள் தூக்க நேர்ந்தால்? அந்தச் சங்கடம் அவளுக்கு நேரக்கூடாது. ஆகவே பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியை லாவினியா டீச்சரைத் தொலைபேசியில் அழைத்து, இவ்வாண்டு தேநீர் ஊற்றி எங்களைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொண்டேன். சற்றுத் தயங்கி, சரி என்றார். காரணம் எதையும் நான் சொல்லவில்லை.

மிகப் பக்குவமாக நடந்துகொண்டேன் என்றே எண்ணுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து கார்கள் நிற்குமிடத்தில் எல்வாவிடம் சொன்னேன். வாக்கியத்தை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தேன்: “இத்தனை ஆண்டுகள் உழைத்த உனக்கு இம்முறை ஓய்வளிக்க விரும்புகிறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“ஓய்வு வேணும்னு நான் கேட்டேனா?”

லாவினியா டீச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றேன்.

“ஓ. முடிவே பண்ணிட்டியா.” பிறகு மெதுவாக, “நடீன் சொல்லிட்டாளா?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. தலையாட்டினேன்.

“கைதான் நடுங்குது வெஸ்டா. நான் இன்னும் இங்கதானே இருக்கேன்?”

காரில் ஏறிப் போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல. அவ கண்ணு— நான் என்ன தப்பா பண்ணிட்டேன்? அவ நல்லதுக்குத்தானே?

அக்டோபர் 8, புதன்

எல்வா தொலைபேசியை எடுக்கவில்லை. அவள் சமையலறை விளக்கு எரிவது என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது.

அக்டோபர் 13, நன்றி நவிலும் நாள்

வான்கோழி நன்றாக வெந்தது. எல்வாவுக்கென்று எப்போதும் எடுத்து வைக்கும் கால் துண்டைத் தட்டில் மூடி வைத்தேன். அவள் வரவில்லை.

பர்னெல் அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எனக்குக் காது மங்கினப்போ, இறால் படகுலேர்ந்து என்னை இறக்கிவிட்டாங்களே, ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. அவருடைய தம்பியே இறக்கிவிட்டான். உன் பாதுகாப்புக்காகத்தான் என்றான்.

“அவன் சொன்னது நியாயம்தான். படகுல காது வேணும். ஆனா என்னைக் கேக்காமயே எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு, கேக் வெட்டி அனுப்பி வச்சாங்க பாரு... அந்தக் கேக் இன்னும் தொண்டையில நிக்குது.”

“இது வேறு, பர்னெல். அவள் மனம் புண்படக்கூடாதென்று—”

“அவ மனசா? அவ கை நடுங்கறதைப் பாத்துட்டு உக்காந்திருக்க உன்னால முடியாது. அதான் விஷயம். நீ காப்பாத்தினது உன்னைத்தான்.”

பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இத்தகைய பேச்சை இந்த வீட்டில் நான் அனுமதிப்பதில்லை.

பாதிப் பாத்திரம் கழுவும்போது அவர் சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

போனேன். வலைக்கதவை எல்வா திறக்கவில்லை. அதற்குப் பின்னாலேயே நின்றாள். ஒரு முழுப் பக்கத்துக்குப் பேச்சு தயாரித்து மனப்பாடம் செய்திருந்தேன். முதல் சொல்லே வரவில்லை.

“உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். அந்த நாற்காலி உன்னுடையது. வா” என்றேன்.

“லாவினியா?”

“அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.”

“யாரு, நீயா? டீச்சருக்குக் கிறிஸ்துமஸ் அட்டை எழுதவே நாலு தடவை கிழிச்சுப் போடற ஆளு!”

“ஆமாம். நானேதான்.”

அவள் சிரிக்கவில்லை. வலைக்கதவைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது, இம்முறை மறைக்கவில்லை.

“நான் கொட்டிடுவேன் வெஸ்டா. உன் அம்மா தைச்ச அந்த வெள்ளைத் துணி மேலேயே கொட்டுவேன். உன் முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். அதைப் பாக்கறதை விட நான் வீட்டிலேயே இருந்துடலாம்.”

“முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“பாக்கலாம்” என்று கதவைச் சாத்தினாள். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

மாலையில் லாவினியா டீச்சரை அழைத்தேன். அழைத்த விருந்தாளியை நாற்காலியிலிருந்து எழுப்புவது எந்த நாகரிகத்திலும் சேராது. உண்மையைச் சொன்னேன், நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

டீச்சர் சொன்னார்: “நீங்க கூப்பிட்ட அன்னிக்கே எல்வாகிட்ட பேசினீங்களான்னு கேட்டிருக்கணும் நான். கேக்கல. எனக்கும் அந்த நாற்காலி மேல ஆசை இருந்தது, வெஸ்டா.”

அவருக்குமா!

அக்டோபர் 17, வெள்ளி

நேற்றிரவுக் காற்றில் வாசல் மேப்பிள் மொத்தமாக உதிர்ந்துவிட்டது. அழுத்தி வைத்த இலைகள் மட்டும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன. பூசணி ஸ்கோன், கிரான்பெரி ரொட்டி, ஓட்ஸ் பிஸ்கட் தயார். முட்டை சாண்ட்விச்சுகளின் ஓரங்களை வெட்டிக் குவித்தேன். பர்னெல் அவற்றையெல்லாம் தின்றுவிட்டு இராச்சாப்பாடு வேண்டாம் என்கிறார்.

எல்வாவிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை.

அக்டோபர் 18, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கட்டிலின் மேல் கோட்டுகள் மலைபோல் குவிந்தன. அம்மாவின் வெள்ளைத் துணி, அதன் நடுவே சிறு பூசணிகள், மேப்பிள் இலைகள், கிண்ணத்தில் ஆப்பிள்கள். எல்லோரும் “ஆகா” என்றார்கள். தலைப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. எல்லோருடைய கண்ணும் அதன் மேல் போய்விட்டுத் திரும்பியது. லாவினியா டீச்சர் தாமாகவே வந்து என் கையிலிருந்த சாண்ட்விச் தட்டை வாங்கிக்கொண்டு, “நான் சுத்திக் குடுக்கறேன்” என்றார். யாரும் ஊற்றாததால் தேநீர் கெண்டிக்குள்ளேயே கறுத்துக்கொண்டிருந்தது. “ஊத்திடலாமா, வெஸ்டா?” என்று யாரோ கேட்டார்கள். “இல்லை” என்றேன்.

வாசல் மணி அடிக்கவில்லை. எல்வா எப்போதும்போலச் சமையலறைக் கதவு வழியே வந்தாள். பச்சை உடை, உதட்டுச் சாயம். யாரையும் பார்க்காமல் நேரே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“டீயா தாரா? இத்தனை நேரம் வச்சிருந்தா படகுக்கே பூசலாம்” என்றாள்.

முதல் கோப்பை. கெண்டியின் மூக்கு கோப்பையின் விளிம்பில் டக்டக்கென்று அடித்தது. பாதித் தேநீர் கோப்பையில், பாதி சாஸரில். இரண்டாவது கோப்பையில் துணியிலும் சிந்திற்று; பழுப்புக் கறை இலைகளுக்கு அடியில் பரவியது. எல்லோரும் மிகவும் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார்கள். அந்த நாகரிகம்தான் கொடுமை.

எல்வா கெண்டியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முதல் கோப்பை எனக்கு வந்தது. தேநீர் தளும்பி நின்ற சாஸர். என்ன செய்தேன் என்று நான் யோசிக்கவில்லை. கோப்பையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, சாஸரை இரு கைகளாலும் தூக்கி, ஊதி, உறிஞ்சிக் குடித்தேன். சத்தத்தோடு. என் அப்பா மீன்பிடித்து வந்து அப்படித்தான் குடிப்பார். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் வாழ்நாளெல்லாம் புத்தகம் படித்தேன்.

“நல்லா இருக்கு” என்றேன். “கொஞ்சம் தார் வாசனை.”

எல்வாவின் வாய் துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தாள்.

லாவினியா டீச்சர் தட்டை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். “எனக்கும் சாஸர்லயே குடு எல்வா. எங்கப்பா குடிக்கறதைப் பாத்து அம்மா திட்டுவாங்க. அவர் மட்டும் எவ்ளோ சந்தோஷமா குடிச்சாருன்னு இப்பத்தான் தோணுது.”

அதன்பிறகு சத்தம்தான். பன்னிரண்டு பெண்கள் உறிஞ்சினால் எப்படியிருக்கும்! பர்னெல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இது எனக்கே கேக்குது” என்றார்.

கடைசிச் சுற்றில் எல்வாவுக்குக் களைத்துவிட்டது. கெண்டி பாதிவரை எழுந்து அப்படியே நின்றது. என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

“அடியில கையைக் குடு. நீ தூக்கினா போதும். ஊத்தறது நான்.”

அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, கெண்டியின் அடியில் மடித்த துணியோடு என் கையை வைத்தேன். சூடாக இருந்தது. அவள் நடுக்கம் கெண்டி வழியாக என் கைக்கு வந்தது. ஐந்து கோப்பைகள் ஊற்றினோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

கறை போகவில்லை. இன்னொரு முறை துவைக்கலாமா என்று பர்னெல் கேட்டார். வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

எல்வா நேற்று ஹாலிஃபாக்ஸ் போனாள். நிபுணரைப் பார்த்து, புது மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளும்வரை நடீனுடன் இருப்பாள். அவள் சமையலறை ஜன்னல் இருட்டாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

கூடத்தின் உலை சரியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் தேநீர் அங்கேயே நடக்கும். சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை ஊற்றுவது நான்தானாம். எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்களாம்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு.

பிறகு அவர், “எல்வாவுக்குப் பாவம், சிரமமா இருக்கும்ல” என்றார்.

“அவளைக் கேட்டீர்களா?” என்றேன். கேட்கவில்லை. நான் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதிய கடிதத்தை இங்கே பிரதி செய்கிறேன். ஒரே தடவையில் எழுதியது, கிழிக்கவில்லை.

எல்வா,

கிறிஸ்துமஸ் தேநீருக்கு உன் இடத்தில் என்னை உட்காரச் சொல்கிறார்கள். எனக்கு ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக உட்கார மாட்டேன். மேசையின் தலைப்பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லப் போகிறேன். நீ ஊற்று, நான் தூக்குகிறேன். அலுத்துப்போனால் மாற்றிக்கொள்வோம். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். உன்னைக் கேட்காமல் யாருக்கும் எதுவும் சொல்வதாக இல்லை.

மருந்து எப்படி இருக்கிறது? தூக்கம் வருகிறதா?

சீக்கிரம் பதில் போடு.

வெஸ்டா