கூட்டிப் படித்த சொல்

கவிப்ரியாவின் அப்பாவுக்கு,

மாற்றலாகி உங்கள் ஊர் டாலிகஞ்ச் பள்ளிக்கு வந்திருக்கிறேன். உங்கள் மகள் என் ஒன்றாம் வகுப்பில்தான் படிக்கிறாள். நல்ல பிள்ளை.

சுனாமிக்குப் பிறகு ஹட்பே நிவாரண முகாமில் என்னை உயிரோடு பார்த்தீர்கள். அதன்பிறகுதானே அலை என்னைக் கொண்டுபோய்விட்டதாகச் சொல்லி, அவளுடைய அம்மாவைக் கட்டிக்கொண்டீர்கள்? இங்கே வந்துதான் தெரிந்தது.

எழுத்துகளை ஒலித்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று கரும்பலகையில் ஒரு சொல் எழுதினேன். "பெ... ரி... ய... ம்... மா" என்று தானாகவே கூட்டிவிட்டாள்.

"எனக்குப் பெரியம்மா யாரும் இல்லியே, மிஸ்."

"இருக்காங்க. அப்பாவோட மொத சம்சாரம். நான்தான். வீட்டுல போய் அம்மாகிட்ட சொல்லு."

"அச்சா, மிஸ்" என்று ஓடினாள்.

இந்தக் கடிதத்தை நாளைதான் தபாலில் போடுவேன். பிள்ளை முந்திக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி