பறக்கிறவன் படம்

மார்ச் 9, ஞாயிறு
ராஜபாளையம் கிரவுண்டில் நானும் வீரணனும் ஓடினோம். போலீஸ் எழுத்துத் தேர்வில் ரெண்டு பேருமே பாஸ். உடல்தகுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது. ஓடும்போதும் அதே சண்டைதான்: இன்றைய சூப்பர் ஹீரோ படங்களுக்கெல்லாம் எந்தப் பழைய படம் ஆரம்பம்? பறக்கிறவன் படம் என்கிறேன் நான். அவனுக்கு இருட்டு முகமூடிக்காரன் படமாம். "இப்ப வர்ற படம் பூரா இருட்டும் கோவமும்தானலே. அது உன் பறக்கிறவன்கிட்ட இருந்தா வந்துச்சு?" கழுதை. நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10
அடித்துவிட்டேன்.

மார்ச் 11
நேற்று நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. பெரிய இவன் மாதிரி பேசியது நான்தான் — பலம் இருந்தும் கை ஓங்காதவன்தான் ஹீரோ, அதை முதலில் காட்டியது பறக்கிறவன் படம் என்று. வீரணன் சிரித்தான். "பேன்ட்டுக்கு மேல ஜட்டி போட்டவன்லாம் ஹீரோவாலே?" கடையே சிரித்தது. அம்புட்டுதான். ஓங்கி ஒரு குத்து. கையில் டீ கிளாஸ் இருந்தது ஞாபகமே இல்லை. அவன் கண்ணிலேயே உடைந்தது. டீயும் ரத்தமுமாகச் சட்டை நனைய, "ஏலே பொன்னுராசு, கண்ணு தெரியலலே" என்று என்னையே பிடித்துக்கொண்டான். நானெல்லாம் மனுஷனா?

மார்ச் 12
யார் அடித்தது என்று ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டார்களாம். அய்யனார் கோவில் அருவியில் வழுக்கி, உடைந்த பாட்டில் மேல் விழுந்தேன் என்றிருக்கிறான். கேஸ் ஆனால் எனக்கு வேலை கிடைக்காது. அது அவனுக்குத் தெரியும்.

மார்ச் 14
அவன் அண்ணன் சங்கையா பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். எப்படியோ தெரிந்துவிட்டது. என் வீட்டு வாசலில் வைத்தே பெல்ட்டால் விளாசினார். உதடு கிழிந்தது, முதுகெல்லாம் வரி. "அவன் வாயத் தொறக்க மாட்டேங்கான்லே. இல்லேன்னா உன்னய உள்ள தள்ளிருப்பேன்." நான் கையைத் தூக்கவில்லை. அந்த அடி பத்தாது எனக்கு.

மார்ச் 20
வலது கண் போய்விட்டது. இனி அவனுக்கு ஏது போலீஸ் வேலை?

ஏப்ரல் 8
உடல்தகுதித் தேர்வு. பாஸ். தனியாக ஓடினேன்.

ஜூலை 27
நாளை பயிற்சிக்குக் கிளம்புகிறேன். படிவத்தில், 'வழக்கு ஏதும் உண்டா?' 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. சாயங்காலம் வீரணன் கூப்பிட்டான், நாலு மாதம் கழித்து. "டிவியில உன் பறக்கிறவன் படம் ஓடுதுலே. நீ சொன்னதுதான் சரி. இதுதான் மொதப் படம்."

"இல்லைலே, நீ சொன்னதுதான் —" என்று தொடங்கினேன்; அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "படம் முடியட்டும், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 11
இன்று கையில் லத்தி கொடுத்தார்கள். வீரணன் இன்னும் கூப்பிடவில்லை.